வயிறு ஓர் அமானிதம்: நீரிழிவும் மிகக் குறைந்த கலோரி உணவு முறையும்

புகழனைத்தும் வல்ல நாயன் அல்லாஹ்வுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் எம்பெருமானார் நபி (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.



அண்மைக் காலமாக நமது கைத்தொலைபேசிகளில் ஒரு செய்தி சுற்றி வருகின்றது. "சில வாரங்கள் உணவை அடியோடு குறைத்துவிடுங்கள், சீனி வருத்தம் ஓடிவிடும், மாத்திரையும் ஊசியும் இனி வேண்டாம்" என்பதே அதன் சாரம். இதை நம்பி மருந்தை ஒரே நாளில் நிறுத்திவிடுவோர் உண்டு. இதெல்லாம் பொய் என்று ஒதுக்கிவிட்டு, வழமைபோல் கோப்பை நிறையச் சோறும் மூன்று கரண்டிச் சீனியிட்ட தேநீருமாக வாழ்வோரும் உண்டு. இவ்விரு சாராரும் தவறியே நிற்கின்றனர். அந்தச் செய்தியில் ஓர் உண்மை இருக்கின்றது. அந்த உண்மைக்குள் ஓர் ஆபத்தும் இருக்கின்றது. இவ்விரண்டையும் பிரித்தறிந்து கொள்வது நம்மீது கடமையாகும். ஏனெனில் இந்த உடல் நமக்குச் சொந்தமான பொருளன்று. அல்லாஹுத் தஆலா நம்மிடம் ஒப்படைத்த அமானிதம் அது.

நமது நாட்டின் நிலை

2005, 2006 ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நடத்தப்பட்ட ஆய்வொன்று, வயது வந்தோரில் நூற்றுக்கு ஏறத்தாழப் பத்துப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. 2018, 2019 ஆம் ஆண்டுகளில் நடந்த நாடளாவிய ஆய்வில் அத்தொகை நூற்றுக்கு 23 என்ற அளவை எட்டியிருந்தது. நான்கு பேர் கூடியிருக்கும் ஒரு விறாந்தையில் ஏறத்தாழ ஒருவருக்கு இந்நோய் உண்டு என்பதே இதன் பொருள்.

நமது முசலிப் பிரதேசத்தின் கதை இதனோடு இன்னொரு பாடத்தையும் சேர்க்கின்றது. சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குளி, கொண்டச்சி, பொற்கேணி எனும் இவ்வூர்களின் மூத்தோர், வயலில் இறங்கியும் கடலில் வலித்தும் உண்டவர்கள். 1990 ஒக்டோபரில் வடபுல முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, அம்மக்கள் புத்தளத்தின் ஓலைக் கொட்டில்களுக்குத் தள்ளப்பட்டனர். அங்கே அவர்களுக்குக் கிடைத்தது அரிசி, மா, சீனி, பருப்பு எனும் உலர் உணவு. பலருக்கு வயலும் இல்லை, வள்ளமும் இல்லை. 2009க்குப் பின்னர் மீளக் குடியேறியபோது ஊர் திரும்பியது. ஆனால் பழைய நடையும் உழைப்பும் எல்லா வீடுகளுக்கும் திரும்பவில்லை. மோட்டார் சைக்கிள் வந்தது. சோற்றின் அளவு மட்டும் உழைத்த காலத்து அளவாகவே நின்றுவிட்டது. பெற்றோர்களே, இந்தக் கணக்கை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

பழைய மருத்துவர்கள் கண்டது

நீரிழிவு புதிய நோயன்று. இப்னு ஸீனா தமது மருத்துவப் பெருநூலில் இந்நோயாளரின் சிறுநீரில் இனிப்பு உண்டு என்பதைக் குறித்திருக்கின்றார். நமது பாரம்பரிய வைத்தியமும் இதை மதுமேகம் என்று அழைத்தது.

உணவுக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை வரலாறு ஒருமுறை வலிந்து காட்டியது. 1870, 1871 ஆம் ஆண்டுகளில் பிரஷ்யப் படைகள் பாரிஸ் நகரை முற்றுகையிட்டன. நகரத்தார் அளந்து உண்ண வேண்டியதாயிற்று. அப்போது புஷார்தா எனும் பிரெஞ்சு மருத்துவர், தமது நீரிழிவு நோயாளர் சிலரின் சிறுநீரில் சீனி மறைந்திருப்பதைக் கண்டார். எவர் விரும்பியும் வராத பட்டினி ஓர் அறிவைத் தந்தது.

ஆயினும் அந்த அறிவு பாதி அறிவே. இன்சுலின் கண்டுபிடிக்கப்படுமுன், அமெரிக்காவில் பிரடெரிக் அலன் எனும் மருத்துவர் நோயாளரைக் கடும் உணவுக் குறைப்பில் வைத்தார். அவர்களுள் பிள்ளைகளும் இருந்தனர். சிலரின் ஆயுள் சிறிது நீண்டது. ஆனால் அவர்கள் எலும்பும் தோலுமாகினர். பசியாலேயே மௌத்தானோரும் உண்டு. 1921இல் கனடாவின் ரொறன்ரோ நகரில் இன்சுலின் கண்டறியப்பட்டு, 1922 ஜனவரியில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதல் ஏற்றப்பட்ட பின்னரே அந்தப் பிள்ளைகளுக்கு வாழ்வு வந்தது.

இதிலிருந்து நாம் ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். நீரிழிவு என்ற ஒரே பெயரின்கீழ் இரு நோய்கள் உள்ளன. முதலாம் வகையில் கணையம் இன்சுலினைச் சுரப்பதே நின்றுவிடுகின்றது. இது பெரும்பாலும் சிறு வயதில் வரும். அவர்களுக்கு இன்சுலின் என்பது உயிர்மூச்சு. எந்த உணவு முறையும் அதற்கு ஈடாகாது. இரண்டாம் வகையில் இன்சுலின் சுரக்கின்றது. ஆனால் அது சரிவர வேலை செய்வதில்லை. நம்மிடையே பெரும்பாலோருக்கு இருப்பது இதுவே. இனி இக்கட்டுரையில் சொல்லப்படும் நன்மை யாவும் இரண்டாம் வகைக்கு மட்டுமே உரியது.

ஏழு நாளில் கண்ட மாற்றம்

இரண்டாம் வகை நீரிழிவு ஒருமுறை வந்தால் கூடிக்கொண்டே போகும், குறையாது என்பதே நெடுங்காலம் மருத்துவ உலகின் நம்பிக்கையாக இருந்தது. 2011இல் இங்கிலாந்தின் நியூகாசல் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ரோய் டெய்லரும் அவரது குழுவினரும் இதைச் சோதித்தனர். நோய் வந்து நான்கு ஆண்டுகளைத் தாண்டாத பதினொரு பேருக்கு, நாளொன்றுக்கு 600 கலோரி மட்டுமே தரும் உணவை எட்டு வாரங்கள் கொடுத்தனர். ஏழு நாட்களுக்குள் வெறும் வயிற்றுச் சீனி அளவு வழமைக்குத் திரும்பியது. எட்டு வாரத்தில் கணையமும் மெல்ல மெல்லத் தன் வேலைக்கு மீண்டது.

இதன் காரணத்தை எளிதாகச் சொல்லலாம். நாம் தேவைக்கு மேல் உண்பதை உடல் கொழுப்பாகச் சேமிக்கின்றது. தோலின்கீழ் இடம் போதாதபோது அது ஈரலில் படிகின்றது. கொழுப்பேறிய ஈரல் இன்சுலினின் சொல்லைக் கேட்பதில்லை. இரவு பகலாகச் சீனியை இரத்தத்தில் கொட்டுகின்றது. ஈரலிலிருந்து வழியும் கொழுப்பு கணையத்திலும் படிய, இன்சுலின் சுரக்கும் அணுக்கள் சோர்ந்துவிடுகின்றன. உணவைப் பெரிதும் குறைத்தால், உடல் முதலில் எடுத்துச் செலவழிப்பது ஈரலில் கிடக்கும் இந்தக் கொழுப்பையே. பாரம் இறங்கியதும் ஈரல் திருந்துகின்றது. பின்னர் கணையம் விழிக்கின்றது. நெடுங்காலம் நோயுற்ற கணையமாயின் அது விழிக்காமலும் போகலாம். எனவேதான் நோய் வந்து முதற் சில ஆண்டுகளே இதற்கு ஏற்ற காலம்.

பெரிய ஆய்வுகள் சொல்வது

பதினொரு பேரைக் கொண்டு தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆகவே ஸ்கொட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் சுமார் 300 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவு 2017இல் வெளியானது. பாதிப்பேருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 825 முதல் 853 கலோரி தரும் பானங்களும் சூப்புகளும் மூன்று முதல் ஐந்து மாதங்கள் கொடுக்கப்பட்டன. ஓராண்டின் முடிவில் அவர்களுள் நூற்றுக்கு 46 பேர் மாத்திரையின்றியே நீரிழிவு எல்லைக்குக் கீழே இருந்தனர். வழமையான சிகிச்சை பெற்றோரில் அவ்வாறு இருந்தவர் நூற்றுக்கு நால்வரே. 15 கிலோவோ அதற்கு மேலோ எடை குறைத்தவர்களில் நூற்றுக்கு 86 பேர் இந்நிலையை அடைந்தனர்.

"அது வெள்ளையர்களின் உடல்வாகு" என்று சிலர் கூறக்கூடும். கட்டாரில் நடந்து 2020இல் வெளியான ஆய்வு அதற்கு விடை சொல்கின்றது. அதில் பங்குபற்றியோர் மத்திய கிழக்கு, வட ஆபிரிக்க நாட்டவர். 50 வயதுக்கு உட்பட்டோர். நோய் வந்து மூன்று ஆண்டுகளைத் தாண்டாதோர். பன்னிரண்டு வாரக் குறைந்த கலோரி உணவும், பின்னர் படிப்படியாக வழமையான உணவும், நடைப்பயிற்சியும் கொடுக்கப்பட்டோரில் நூற்றுக்கு 61 பேர் ஓராண்டின் முடிவில் மருந்தின்றி நலம் கண்டனர். மற்றைய பிரிவில் அது 12 பேர் மட்டுமே.

"எனக்கு உடம்பே இல்லையே, நான் மெலிந்தவன்" என்பாரும் உண்டு. தெற்காசியரான நம்மில் பலருக்குக் கையும் காலும் மெலிந்திருக்க, கொழுப்பு வயிற்றுக்குள் ஒளிந்திருக்கும். பருமனல்லாத 20 நோயாளரிடம் நியூகாசல் குழுவினர் நடத்திய இன்னோர் ஆய்வில், தம் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தபோது 14 பேர் நலம் கண்டனர்.

இந்நிலையை மருத்துவர்கள் 'குணம்' என்று சொல்வதில்லை, 'தணிவு' என்கின்றனர். மாத்திரையின்றி மூன்று மாதங்களாவது கழிந்த பின்னும், எச்பிஏ1சி எனும் இரத்தப் பரிசோதனை 6.5 வீதத்துக்குக் கீழே இருப்பதே தணிவு. எடை திரும்பினால் நோயும் திரும்பும். இதை மறவாதீர்கள்.

கயிற்றைப் பிடிக்க ஆள் வேண்டும்

அன்பர்களே! நமது மறிச்சுக்கட்டி, சிலாவத்துறைக் கரைகளில் முன்னோர் காலத்தில் முத்துக்குளிப்பு நடந்ததை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். குளியாளி காலில் கல்லைக் கட்டி ஆழத்தில் இறங்குவான். அவன் மூச்சை அடக்கியிருப்பது சிறிது நேரமே. மேலே தோணியில் ஒருவன் கயிற்றைப் பிடித்தபடி, அசைவைப் பார்த்து அவனை மேலே தூக்குவான். கயிறின்றி இறங்குவது வீரமன்று, தற்கொலைக்கு ஒப்பானது.

மிகக் குறைந்த கலோரி உணவும் அத்தகையதே. வயது வந்த ஒருவருக்கு நாளொன்றுக்குச் சாதாரணமாக 2,000 கலோரி அளவில் தேவை. இம்முறையில் கிடைப்பதோ ஏறத்தாழ 800. அதாவது கறியே இல்லாத வெறுஞ்சோறு 600 கிராம் தரும் சக்தி. ஆனால் அந்தச் சோற்றை மட்டும் உண்டால் தசை உருகும், சத்து வற்றும். ஆய்வுகளில் கொடுக்கப்பட்டவை புரதமும் விற்றமின்களும் தாதுக்களும் அளந்து சேர்க்கப்பட்ட உணவுகள். அத்துடன் நீர் நிறையக் குடிக்கச் செய்தனர். அதுவும் குறிப்பிட்ட சில மாதங்களுக்கே.

அந்த ஆய்வில் நீரிழிவு மாத்திரைகளையும் இரத்த அழுத்த மாத்திரைகளையும் நிறுத்தியவர்கள் வைத்தியர்கள். அளந்து பார்த்து, தேவைப்பட்டோருக்கு மீண்டும் கொடுத்தவர்களும் அவர்களே. இன்சுலின் போடுவோர் அதில் சேர்க்கப்படவேயில்லை. கிளிக்ளசைட், கிளிபென்கிளமைட் போன்ற மாத்திரையை விழுங்கிவிட்டு, அல்லது இன்சுலினை வழமையான அளவில் போட்டுவிட்டு உண்ணாதிருந்தால், சீனி அளவு படுவீழ்ச்சி அடையும். நடுக்கமும் வியர்வையும் தடுமாற்றமும் வந்து, மயக்கத்திலும் மரணத்திலும் முடியலாம். மறுபக்கம், முதலாம் வகை நோயுள்ள பிள்ளை இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிராபத்து வந்துவிடும்.

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், 18 வயதுக்குட்பட்டோர், முதலாம் வகை நோயாளர், சிறுநீரக நோய் முற்றியோர், அண்மையில் மாரடைப்பு வந்தோர் ஆகியோருக்கு இம்முறை உரியதன்று. கண் விழித்திரையில் பாதிப்புள்ளோர் முதலில் கண் வைத்தியரைக் காண வேண்டும்.

அபூதாவூதில் ஜாபிர் (ரழி) அவர்கள் வாயிலாக ஒரு நிகழ்ச்சி பதிவாகியுள்ளது. பயணத்தில் ஒருவருக்குத் தலையில் காயம். அவருக்குக் குளிப்புக் கடமையாயிற்று. தயம்மும் செய்யச் சலுகை உண்டா என்று உடன் வந்தோரைக் கேட்டார். அறிவின்றி அவர்கள் இல்லை என்றனர். அவர் குளித்தார், மௌத்தானார். செய்தி கேட்ட நபி (ஸல்) அவர்கள் கடுமையாகக் கண்டித்து, அறியாமைக்கு மருந்து கேட்டறிவதே என்பதை உணர்த்தினார்கள். வட்ஸ்அப்பில் வந்த செய்தியை உறவினருக்கு அனுப்பி, "மருந்தை விட்டுவிடுங்கள்" என்று சொல்லும் இளைஞனே! அந்தக் கண்டிப்பு உன்னையும் தொடுகின்றதா என்று சிந்தித்துப் பார்.

ரமழான் நோன்பு இதுவன்று

"நாம்தான் ஆண்டுதோறும் முப்பது நாள் பசித்திருக்கின்றோமே" என்று சிலர் எண்ணுகின்றனர். நோன்பு ஓர் இபாதத். சிகிச்சையாக அது விதிக்கப்படவில்லை. மேலும் நம்மில் பலர் பகலில் விட்டதை இரவில் இரட்டிப்பாக எடுத்துக்கொள்கின்றோம். கஞ்சி, கட்லட், சமூசா, சர்பத், பின்னர் சோறு, ஸஹருக்கு மீண்டும் சோறு. எடை குறையாத நோன்பை எடை குறைக்கும் சிகிச்சையோடு ஒப்பிடுதல் பொருந்தாது.

2001இல் 13 முஸ்லிம் நாடுகளில் 12,000க்கும் மேற்பட்ட நீரிழிவு நோயாளரிடம் ஓர் ஆய்வு நடந்தது. இரண்டாம் வகை நோயாளரில், வைத்தியசாலையை நாடும் அளவுக்குச் சீனி வீழ்ச்சி அடைவது மற்றைய மாதங்களைவிட ரமழானில் ஏழரை மடங்காக இருந்தது. நோயாளிக்கு அல்லாஹுத் தஆலா ஸூரத்துல் பகராவில் வழங்கிய சலுகையை ஏற்பது ஈமானின் குறைவன்று. குணமாகும் என எதிர்பார்க்கப்படுபவர் பின்னர் கழாச் செய்வார். அந்த எதிர்பார்ப்பு இல்லாதவர் ஃபித்யா கொடுப்பார். இரவும் பகலும் தொடர்ந்து நோற்கும் விஸால் நோன்பை நபியவர்கள் தம் தோழர்களுக்குத் தடுத்தார்கள். ஓயாது நோன்பிருந்த அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரழி) அவர்களுக்கு, உடலுக்கும் உரிமை உண்டென நினைவூட்டினார்கள்.

வைத்தியரின் அனுமதியுடன் நோற்பவர், இரத்தச் சீனி 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேலே ஏறினாலோ நோன்பை விட்டுவிட வேண்டுமெனச் சர்வதேச மருத்துவ வழிகாட்டல் கூறுகின்றது. விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்ப்பதால் நோன்பு முறிந்துவிடுமோ என்ற அச்சம் வேண்டாம். நம் நாட்டில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில், இரத்தம் குத்தி எடுக்கும் ஹிஜாமாகூட நோன்பை முறிப்பதில்லை.

தொடங்குவது எளிது, நிலைப்பதே கடினம்

முன்னர் கூறிய ஸ்கொட்லாந்து ஆய்வின் பிற்பகுதியையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முதலாண்டில் நூற்றுக்கு 46 ஆக இருந்த தணிவு, இரண்டாம் ஆண்டில் 36 ஆயிற்று. ஐந்தாம் ஆண்டுவரை தொடரப்பட்டோரில் அது 13 அளவில் வந்து நின்றது. மருத்துவம் பொய்த்ததனால் நேர்ந்ததன்று இது. பழைய உணவு திரும்பியது, எடை திரும்பியது, நோயும் திரும்பியது.

ஏன் திரும்புகின்றது? உணவை மாற்றியவர் ஒருவர், வீடோ மாறவில்லை. நாம் ஒரே ஸஹனைச் சுற்றி அமர்ந்து உண்ணும் சமூகம். அது பறகத்தான வழக்கம். ஆனால் வாப்பா மட்டும் இரண்டு பிடியோடு நிறுத்த, மற்றவர் இறைச்சியும் நெய்ச்சோறும் குவித்து உண்டால், அவரால் எத்தனை நாள் தாக்குப்பிடிக்க முடியும்? வயிற்றை முழுதும் நிரப்புவதை வெறுத்த நபி (ஸல்) அவர்கள், உணவுக்கும் நீருக்கும் மூச்சுக்கும் மும்மூன்றில் ஒரு பங்காக அதைப் பிரித்துக் காட்டினார்கள். திர்மிதீயில் பதிவான அந்த நபிமொழி நோயாளிக்கென்று மட்டும் சொல்லப்பட்டதன்று. வீட்டிலுள்ள எல்லோருக்கும் உரியது.

ஆகவே பெற்றோர்களே, இளைஞர்களே, இவற்றை உங்கள் வீட்டில் தொடங்குங்கள்:

1. முப்பத்தைந்து வயதைத் தாண்டியவர் ஒவ்வொருவரும் அண்மையிலுள்ள அரசாங்க வைத்தியசாலைக்குச் சென்று இரத்தச் சீனியைச் சோதித்துக் கொள்ளுங்கள். நோய் புதிதாக இருக்கும்போதே தணிவுக்கு வாய்ப்பு அதிகம்.

2. நோய் கண்டவர், "எடையைக் குறைத்து மருந்தைக் குறைக்க எனக்கு வாய்ப்புண்டா?" என்று கிளினிக்கில் வாய்விட்டுக் கேளுங்கள். வைத்தியர் சொல்லும்வரை ஒரு மாத்திரையையும் நீங்களாக விடாதீர்கள்.

3. கடும் உணவு முறை எல்லோருக்கும் தேவையில்லை. ஒருநாளில் ஐந்து தேநீர், ஒவ்வொன்றிலும் மூன்று தேக்கரண்டிச் சீனி என்றால், அதுவே ஏறத்தாழ 240 கலோரி. அதை நிறுத்துவதற்கு எந்த வைத்தியரின் அனுமதியும் வேண்டியதில்லை, இன்சுலினோ சீனியை இறக்கும் மாத்திரையோ எடுப்போர் தம் அளவைச் சோதித்துக்கொண்டு வந்தால் போதும்.

4. கோப்பையில் பாதியை முருங்கையிலை, வல்லாரை, புடோல், கத்தரி போன்றவற்றால் நிரப்புங்கள். நம் கடல் தரும் மீனைப் பொரிக்காமல் ஆணமாக்குங்கள். சோற்றைக் கடைசியில் வையுங்கள்.

5. மகனே, மகளே! வாப்பா உம்மாவுக்குப் போதனை செய்யாதே. மஃரிபுக்கு முன் அவர்களின் கையைப் பிடித்து அரை மணி நேரம் நடந்து வா.

6. சீனி வீழ்ந்து நடுங்குபவருக்கு மூன்று, நான்கு தேக்கரண்டிச் சீனியை நீரில் கரைத்து உடனே கொடுங்கள். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

நோய்க்கு மருந்து தேடுவதும், காரணங்களைக் கையாள்வதும், பின் முடிவை அல்லாஹ்விடம் ஒப்படைப்பதுமே தவக்குல். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு நம்பிக்கை வைப்பதே நமக்குக் கற்பிக்கப்பட்ட வழி. ஒரு காலை இழந்த பின்னரோ, சிறுநீரகம் ஓய்ந்த பின்னரோ வரும் வருத்தத்தைவிட, இன்று கோப்பையில் விடும் ஒரு பிடிச் சோறு இலேசானது. உங்கள் பிள்ளைகளுக்கு உங்கள் பொருளைவிட உங்கள் நலமான ஆயுளே தேவை.

யா அல்லாஹ்! எங்கள் நோயாளர்களுக்குப் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வாயாக. எங்கள் வீடுகளில் அளவோடு உண்ணும் பண்பையும், அறியாததைக் கேட்டறியும் பணிவையும் நிலைக்கச் செய்வாயாக. நீ தந்த இந்த உடல்களைப் பழுதின்றி உன்னிடம் திரும்ப ஒப்படைக்க எங்களுக்கு அருள் புரிவாயாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.